பெயருக்கும் மூலப்பத்திரம் உண்டு

ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது அடகு நகை ஏலம்தான். பேப்பரில் ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் கடன் எண்ணும் கிராம் கணக்குமாக வருமே, அது. ஆனால் போடிமெட்டு ஏறி இறங்குகிற ஜனங்களுக்கு ஏலம் என்றால் ஏலக்காய். இடுக்கி எல்லையில் ஒரு கிளையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். "ஏலத்தை ஏலத்துல போட்டதும் வட்டியைக் கட்டிடறேன் சார்" என்று ஒரு விவசாயி சொன்னபோது பக்கத்து சீட்டு மலையாளி நண்பர் சிரித்தார். "எங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. செடிக்கு ஏலம், விற்பனைக்கு லேலம்" என்றார்.

ஒரே ஒரு 'ல'தான் வித்தியாசம். ஆனால் கதை பெரிது. செடிப் பெயரான ஏலம் நம் பக்கத்துச் சொல். விற்பனை ஏலமோ போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது அரபியிலிருந்து கிடைத்தது. அங்கே பொருள், அறிவிப்பு. மலையாளம் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு லேலம் என்றது. 'ல'வில் சொல் தொடங்குவது தமிழ் வழக்கம் இல்லையாதலால் நாம் அதை உதறிவிட்டோம். லேலம் ஏலமாகி, ஏற்கெனவே இருந்த ஏலத்தோடு ஒட்டிக்கொண்டது. போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் 2007-இல் கம்ப்யூட்டர் ஏலம் வந்துவிட்டது. லிஸ்பனிலிருந்து வந்த சொல்லும் மலையிலேயே பிறந்த சொல்லும் இன்றைக்கும் அங்கே ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

நான் படித்தது பி.காம். தாவரவியலும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. ஆனால் சொத்தின் பேரில் கடன் கேட்டு வருகிறவரிடம் மூலப்பத்திரம் கேட்டுப் பழகியவன். கேரளத்தில் அதை அடியாதாரம் என்பார்கள். கையில் இருக்கிற பத்திரம் பளபளப்பாக இருந்தால் போதாது. அது யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருஷம், எந்த வழியாக வந்தது என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். செடி, பிராணி, வியாதி ஆகியவற்றின் பெயர்களுக்கும் அதே விதிதான் என்பது என் கட்சி. காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பது பத்திரம் ஆகாது.

இதற்குப் பாலக்காடு, இடுக்கி எல்லையைவிட நல்ல இடம் கிடைக்காது. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், காரில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போயாக வேண்டும். சரக்கு லாரிக்குத்தான் செக்போஸ்ட். சொல்லுக்கு எந்தக் காலத்திலும் பெர்மிட் கிடையாது.

இந்த எல்லையில் புழங்கும் பெயர்களை நான் மூன்று பேரேடுகளில் பதிந்து வைத்திருக்கிறேன். ஒன்று கடன். இரண்டு பங்காளி உறவு. மூன்று வெறும் பெயர்ப் பொருத்தம்.

முதல் பேரேடு: கடன்

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'மொரிங்கா' என்று பச்சைப் பொடி டப்பாவில் விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். நம் வீட்டுப் பிள்ளைகள் அது ஏதோ தென் அமெரிக்கச் சமாசாரம் என்று நினைக்கிறார்கள். நம் முருங்கைதான். அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 1763-இல் அந்தப் பேரினத்துக்கு வைத்த லத்தீன் பெயரே மொரிங்கா. முருங்கை, மலையாளத்தில் முரிங்ஙா. கடன் வாங்கியது அவர்கள், கொடுத்தது நாம். :-)

இப்படி இன்னும் சில உண்டு. மாமரத்தின் பெயர் மாஞ்சிஃபெரா. நம் மாங்காய் போர்த்துகீசியர் வாயில் மாங்கா ஆனது. அதோடு 'தாங்குவது' என்ற லத்தீன் விகுதியைச் சேர்த்தார்கள். ஆக, மாங்காய் தாங்கி. பாக்குமரம் அரேகா. அது அடைக்காய், மலையாளத்தில் அடக்கா. பசலைக் கீரை பேசெல்லா. தேக்கு டெக்டோனா. இந்த டெக்டோனாவைப் பார்த்தால் தச்சனைக் குறிக்கும் 'டெக்டன்' என்ற கிரேக்கச் சொல் போலவே இருக்கும். ஆனால் அகராதிகள் காட்டும் வழி தேக்கு, போர்த்துகீசியத் 'தேக்கா', அப்புறம் டெக்டோனா. பறம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது. வயது நானூறுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லின்னேயஸின் மகன் 1782-இல் டெக்டோனா கிராண்டிஸ் என்று எழுதியபோதே அது பழைய மரம். இஞ்சியின் சிஞ்ஜிபெர் ரொம்பச் சுற்றி வந்த கடன். இஞ்சிவேர் என்ற திராவிடச் சொல் வடக்கே போய், பாலியில் சிங்கிவேரமாகி, கிரேக்கம் வழியாக லத்தீனில் ஏறியது என்பது மொழியியலார் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து.

இந்தக் கடன்களில் பத்திரம் மிகச் சுத்தமாக இருப்பது ஏலக்காயுடையது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏலக்காயின் அறிவியல் பெயர் எலெட்டேரியா கார்டமோமம். இரண்டாவது பாதி கிரேக்கத்திலிருந்து வந்தது, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் பாதி 'ஏலத்தரி'. மலையாளத்தில் தரி என்றால் மணி. தமிழில் ஏலவரிசி என்று சொன்னார்களே, அதே எண்ணம்தான். இந்த ஏலத்தரி லத்தீனுக்குள் போன வழி, ஒரு புத்தகத்தின் வழி.

கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைமை அதிகாரியாக 1670-களில் இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலபாரின் செடிகொடிகளை எல்லாம் படத்தோடு பதிய வேண்டும் என்று கிளம்பினார். அதுதான் 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்', மலபார்த் தோட்டம் என்று பொருள். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்தது. எழுநூற்றுச் சொச்சம் செடிகள். படத்தின் மேலேயே லத்தீன் எழுத்திலும், மலையாள எழுத்திலும், அரபு எழுத்திலும், கொங்கணிப் பெயரை நாகரி எழுத்திலும் போட்டிருப்பார்கள். மலையாள எழுத்து முதன்முதலாக அச்சில் ஏறியதே அந்தப் புத்தகத்தின் செப்புத் தகட்டில்தான். (தமிழ் அதற்கு 100 வருஷம் முன்பு, 1578-இல், கொல்லத்தில் அச்சேறிவிட்டது. அதுவும் இன்றைய கேரளத்தில்தான்.)

புத்தகத்துக்குச் செடியின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன். சேர்த்தலை பக்கம் கடக்கரப்பள்ளியில் இருந்த ஈழவ வைத்தியக் குடும்பத்துக்காரர். அவரோடு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமண வைத்தியர்கள். இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, கொச்சியில் துபாஷியாக இருந்த மானுவேல் கார்னேரோ போர்த்துகீசியத்தில் மாற்றினார். அங்கிருந்து லத்தீன். இட்டி அச்சுதன் 1675 ஏப்ரலில் தன் கைப்படக் கொடுத்த சாட்சிக் கடிதம் முதல் பாகத்திலேயே அச்சாகியிருக்கிறது. அவர் எழுதியது கோலெழுத்தில். அது வட்டெழுத்தின் வாரிசு. ஒரு காலத்தில் பாண்டிய நாட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளும் வட்டெழுத்தில்தான் இருந்தன.

வங்கி வேலையில் நான் எத்தனையோ பத்திரம் பார்த்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து முந்நூற்றைம்பது வருஷம் தாங்கி நிற்கிற பத்திரம் இது ஒன்றுதான்.

அப்புறம் ஸ்வீடனில் லின்னேயஸ் 1753-இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது, மலபார்ச் செடிகளுக்கு அவர் பெரிதும் புரட்டிய புத்தகம் ரீடுடையது. ஆனால் ஏலக்காய்க்கு அவர் வைத்தது அமோமம் கார்டமோமம். மேட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1811-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிரித்தபோது, ரீடின் புத்தகத்தில் படத்தின் மேல் இருந்த 'எலெட்டரி'யையே எடுத்து எலெட்டேரியா ஆக்கினார். ஏலமலை வாசல், கொச்சி, ஆம்ஸ்டர்டாம், லண்டன். சங்கிலி எங்கேயும் அறுபடவில்லை. கடன் பத்திரம் பக்கா.

இரண்டாம் பேரேடு: பங்காளி

சில சொற்கள் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. ஒரே தாத்தாவின் சொத்தை இரண்டு வீடும் பாகம் பிரித்துக்கொண்டது போல.

எல்லையில் பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். "எனிக்குப் பனியாணு" என்று பக்கத்து பெஞ்சுப் பையன் சொன்னால் அவனுக்குக் காய்ச்சல். நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்மேல் இருப்பது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. குளிரில் நடுங்குவதும் நடுக்கம், காய்ச்சலில் உதறுவதும் நடுக்கம். ஒரு வீடு குளிரை எடுத்துக்கொண்டது, இன்னொரு வீடு காய்ச்சலை. மொழி இரண்டாகப் பிரிந்ததில் ஒரு சொல்லும் பாகம் பிரிந்துபோனது.

இந்த உறவு இன்னும் தூரத்திலும் உண்டு. இடுக்கி மாவட்டம் கட்டப்பனை பக்கத்திலிருந்து ஒரு தவளையை பிஜு என்ற ஆராய்ச்சியாளரும் பெல்ஜியத்து போஸ்யுட் என்பவரும் 2003-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். ஊதா நிறம், உப்பிய உடம்பு, பன்றி மூக்கு மாதிரி முனை. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருக்கும். மழை தொடங்கும் சமயத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வரும். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது கடல் தாண்டி செய்ஷெல்ஸ் தீவுகளில். இரண்டு கிளையும் பிரிந்து பத்துக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதற்கு வைத்த பெயர் நாசிகபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ். நாசிகா சம்ஸ்கிருதம், மூக்கு. பட்ராகஸ் கிரேக்கம், தவளை. சஹ்யாத்ரி நம் மேற்குத் தொடர்ச்சி மலை. டாக்டர் 'நேசல் ஸ்ப்ரே' என்று எழுதித் தருகிறாரே, அந்த நேசல் லத்தீனின் 'நாசுஸ்' என்ற மூக்கிலிருந்து வந்தது. நாசிகாவும் நாசுஸும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல் இல்லை. அதற்காக லத்தீன்காரன் சம்ஸ்கிருதத்திடம் வாங்கினான் என்றும் இல்லை. இரண்டும் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பங்காளிகள். தமிழில் நாம் சொல்லும் நாசி மட்டும் சம்ஸ்கிருதத்திலிருந்து வாங்கிய கடன். பார்த்தீர்களா, ஒரே சொல்லுக்கு ஒரு வீட்டில் வாரிசுரிமை, இன்னொரு வீட்டில் கைமாற்று.

அதே தவளைக் குடும்பத்தின் இன்னொரு இனம் மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிடைத்தது. 2017-இல் அதற்கு நாசிகபட்ராகஸ் பூபதி என்று பெயர் வைத்தார்கள். அகத்தியமலையில் கள ஆய்வுக்குப் போனபோது 2014-இல் இறந்துபோன எஸ். பூபதி என்ற விஞ்ஞானியின் நினைவாக. மலைக்கு மேற்கே இருப்பதற்கு மலையின் பெயர், கிழக்கே இருப்பதற்கு மலையில் உயிரை விட்டவரின் பெயர்.

மூன்றாம் பேரேடு: வெறும் பெயர்ப் பொருத்தம்

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவது.

மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் அதற்கு மலம்பனி என்று பெயர், மலைக்காய்ச்சல் என்று பொருள். ஏலத்துக்கும் தேயிலைக்கும் காடு வெட்டிய காலத்தில் மலைக்குக் கூலிக்குப் போனவர்கள் இந்தக் காய்ச்சலோடு இறங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்த பெயர். 'மலை' அங்கேயும் இருக்கிறது, 'மலே' இங்கேயும் இருக்கிறது, ஆக மலேரியா நம் சொல் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். இல்லை. மலேரியா இத்தாலியச் சொல். மாலா ஆரியா, கெட்ட காற்று. சதுப்பு நிலத்துக் காற்றால் வருகிறது என்று அங்கே நம்பினார்கள். மலையில் இருப்பதால் வருகிறது என்று இங்கே நம்பினார்கள். காற்றும் குற்றவாளி இல்லை, மலையும் இல்லை. 1880-இல் லாவெரான் ரத்தத்தில் கிருமியைப் பார்த்தார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் பார்த்தார். இரண்டு பெயரும் தப்பான ஆளின் மேல் கேஸ் போட்ட பெயர்கள். பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான குவினைன் தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிச் சொல்லான 'கினா'விலிருந்து வந்தது. அது கிடைக்கும் மரம் சின்கோனா. பெருவின் வைஸ்ராய் மனைவியான சின்ச்சோன் சீமாட்டியின் பேரில் லின்னேயஸ் 1742-இல் வைத்தது. வைக்கும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டார், அப்படியே நிலைத்துவிட்டது. அந்த அம்மாள் இந்தப் பட்டையால் பிழைத்தார் என்ற கதையும் பிற்பாடு ஆதாரமில்லை என்று ஆகிவிட்டது. நம் வால்பாறை பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஓர் எழுத்துப் பிழையும் ஒரு பொய்க் கதையும் சேர்ந்து ஆனைமலையில் ஊராக நிற்கின்றன!

அடுத்தது குறிஞ்சி. மூணாறில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தெஸ் குந்தியானா. பாலக்காடு மாவட்டத்துச் சைலன்ட் வேலியில் ஓடுவது குந்திப்புழை. ஆகவே குந்தி ஆற்றின் பெயர்தான் குறிஞ்சிக்கு வைக்கப்பட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்கவே எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் பத்திரம் வேறு சொல்கிறது. 1832-இல் இந்தச் செடியை முதலில் விவரித்தவர் நீஸ் என்ற ஜெர்மானியர். அவர் கௌரவித்தது கார்ல் குந்த் என்ற இன்னொரு ஜெர்மன் தாவரவியலாளரை. அவர் பேர் போனது தென் அமெரிக்கச் செடிகளில். நம் மலையை அவர் பார்த்ததே இல்லை.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெயரின் வாலைப் பார்க்க வேண்டும். 'என்சிஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் இடப்பெயர், சஹ்யாத்ரென்சிஸ் மாதிரி. 'இயானா', 'இயானம்', 'ஐ' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆள் பெயர். ஆற்றின் பெயர் என்றால் குந்தியென்சிஸ் என்று வந்திருக்கும்.

சைலன்ட் வேலியின் சிங்கவால் குரங்கு, நம் சோலைமந்தி, மக்காக்கா சைலீனஸ். சைலன்ட்டும் சைலீனஸும் ஒட்டிக்கொள்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த சைலீனஸ் கிரேக்கக் கதையில் வரும் வனவாசிக் கிழவர், மது தெய்வமான டயோனிசஸின் கூட்டாளி. லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். மௌனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோலையில் வாழும் மந்தி என்று நாம் சொன்னதில் இருக்கிற தகவல்கூட அதில் இல்லை.

இதெல்லாம் பொழுதுபோக்கு, தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. எங்கள் ஊரில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். போனில் ஒரு செய்தி வந்திருக்கிறது: 'கார்டியா என்றால் இதயம், கார்டமம் என்றால் ஏலக்காய். பெயரிலேயே இதயம் இருக்கிறது, நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல' என்று. மாத்திரையை நிறுத்திவிட்டு ஏலக்காய்க் கஷாயத்தில் இறங்கிவிட்டார். மூன்றாவது வாரம் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. விசிட்டர் இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குப் பணம் கிடையாது. பில் தொகையை நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

கிரேக்கத்தில் இதயத்துக்கு கார்டியா. கார்டமோன் என்பது அவர்கள் ஊர்க் கீரை ஒன்றின் பெயர். அதோடு அமோமோன் என்ற வாசனைப் பொருளின் பெயரைச் சேர்த்துத்தான் கார்டமோமம் ஆனது. இதயத்துக்கும் அதற்கும் பத்திரத் தொடர்பு எதுவும் இல்லை. முன்னோர் மேல் பழியும் போட முடியாது. கார்டமோமம் நம் முன்னோர் வைத்த பெயர் அல்லவே! அவர்கள் சொன்னது ஏலத்தரி, அவ்வளவுதான்.

அதேபோல நெல்லின் ஒரைசா அரிசியிலிருந்துதான் வந்தது என்று நாம் எல்லோரும் சபையில் சொல்லியிருப்போம். கிரேக்கச் சொல் பழைய ஈரானிய மொழி வழியாக வந்தது என்று வாதிடுகிறவர்களும் வலுவாக இருக்கிறார்கள். வழக்கு நடக்கிற சொத்தை அடமானமாக வாங்கக் கூடாது. இஞ்சியும் முருங்கையும் மாங்காயும் சுத்தமாகக் கையில் இருக்கும்போது நமக்கு எதற்கு வில்லங்கச் சொத்து?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூணாறு இரவிகுளத்தில் பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டைப் பார்த்திருப்பீர்கள். வரை என்றால் மலை. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெயர். ஓகில்பி என்பவர் 1838-இல் வைத்த ஹைலோக்ரியஸ் என்ற கிரேக்கப் பெயரைப் பிரித்தால் காட்டுச் செம்மறிக்கடா. 2005-இல் மரபணு பார்த்து அதை இமயமலைத் தார் ஆட்டிலிருந்து பிரித்து நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். ட்ராகஸ் என்றால் வெள்ளாட்டுக்கிடா. ஆனால் அதே ஆய்வு சொன்னது, இது செம்மறிக் கூட்டத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று! ஆக முழுப் பெயர் நீலகிரி வெள்ளாடு, காட்டுச் செம்மறி. நம் சொல்லோ வெறும் ஆடு. வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு, மலையில் இருப்பதால் வரையாடு. கிரேக்கம் இரண்டு தடவை முயன்று மாட்டிக்கொண்ட இடத்தில் நம் சொல் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நிற்கிறது. பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டுமானால் இதற்குப் படலாம்.

கடைசியாக, பெயர் யாருக்கு நிலைக்கிறது என்பது பற்றி. வான் ரீடைக் கௌரவித்து லின்னேயஸ் ரீடியா என்று ஒரு பேரினம் வைத்தார். இட்டி அச்சுதனைக் கௌரவித்து 1856-இல் ப்ளூம் என்ற தாவரவியலாளர் அச்சுடேமியா என்று வைத்தார். எனக்குத் தெரிந்த வரை ஒரு நாட்டு வைத்தியருக்குக் கிடைத்த அபூர்வமான மரியாதை அது. என்ன ஆயிற்று? ரீடியாவைக் குடம்புளியின் பேரினமான கார்சினியாவோடு இணைத்துவிட்டார்கள். அச்சுடேமியாவைப் பைலியாவோடு இணைத்துவிட்டார்கள். 2017-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்ததும் பாஸ்புக் அட்டையில் இருந்த பெயர் போனதே, அதே மாதிரி. கணக்கு இருக்கிறது, பெயர்ப்பலகை இல்லை.

கவர்னரின் பெயரும் போயிற்று, வைத்தியரின் பெயரும் போயிற்று. அந்த வைத்தியர் வாயால் சொன்ன சொல் மட்டும் போகவில்லை. ஏலத்தரி இன்றைக்கும் எலெட்டேரியாவாக உலகத்துத் தாவரவியல் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. இட்டி அச்சுதன் சொன்னதை லத்தீனிலிருந்து மீட்டு, கோழிக்கோட்டுப் பேராசிரியர் கே.எஸ். மணிலால் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் அதை வெளியிட்டது. 2008-இல் மலையாளத்திலும் வந்தது. அந்தச் சொற்கள் சொன்னவரின் மொழிக்குத் திரும்பி வர முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மணிலால் 2025 ஜனவரி முதல் தேதி காலமானார். தமிழில் இன்னும் அந்த 12 பாகத்தையும் முழுதாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை பாயசத்துக்கு ஏலக்காய் தட்டும்போது டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் லத்தீன் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் முதல் சொல்லைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சேர்த்தலை வைத்தியர் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே காதில் விழும். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.